மொறிஸ் மைனருக்குள் நிசான் ஏ12: உடலை வெட்டாமல் செய்த எஞ்சின் மாற்றம்

1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்றின் 948 சி.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டு, நிசான் சன்னி கார்களிலும் சன்னி வனெற் வான்களிலும் வந்த ஏ12 எஞ்சினை அதன் நான்கு கியர் கியர்பொக்ஸுடன் சேர்த்து அதற்குள் பொருத்திய வேலையை இங்கே பதிவு செய்கிறேன். இலங்கையில் இது புதுமையான வேலையல்ல. நிசான் எஞ்சினுடன் ஓடும் மைனர்களை நாட்டின் எல்லாப் பக்கங்களிலும் காணலாம். ஆனால் அவற்றுள் பலவற்றில் எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டை அடித்து வளைத்தும், நடுச் சட்டத்தை வெட்டி எறிந்தும், தாங்கிகளைச் செசியோடு வெல்டிங் செய்து நிரந்தரமாக ஒட்டியும் இடம் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வெட்டிய கார் பழைய நிலைக்கு ஒருபோதும் திரும்ப முடியாது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன்: காரின் மூலத் தகட்டில் எந்த இடத்திலும் வெட்டோ புதிய ஒட்டோ விழக்கூடாது, நாளை யாரேனும் பழைய எஞ்சினைத் திரும்பப் போட விரும்பினால் ஸ்பனரை மட்டும் கொண்டு அதைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

பழைய எஞ்சினைத் திருத்தியே ஓட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அதன் நிலையைச் சொல்ல வேண்டும். சிலிண்டர்கள் ஏற்கனவே நாற்பது சைஸுக்கு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு கூடுதலாக, கடையப்பட்டிருந்தன. அதற்கு மேல் போக வேண்டுமானால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். கிராங்க் சாஃப்டும் கடைசி அளவு வரை தேய்த்துக் கடையப்பட்டதே. இந்தக் கார் தன் வாழ்நாளின் ஒரு பகுதியை மண்ணெண்ணெயில் ஓடிக் கழித்த கார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் கார்கள் எப்படி ஓடின என்பதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள்: காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அது சாத்தியமானது. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஒயிலோடு கலந்து அதன் பிசுக்கைக் கொன்றுவிடும். அந்த ஒயிலை நம்பியிருக்கும் பெயரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் மெல்ல மெல்லத் தேயும். ஒரு குடும்பத்தையே ஏற்றி இறக்கி அந்தக் காலத்தைக் கடந்துவந்த எஞ்சினுக்கு எனக்கு நிறைந்த மரியாதை உண்டு. அதன் புளொக்கில் இனிக் கடைவதற்கு இரும்பு மீதமில்லை என்பதே மாற்றத்துக்கான ஒரே காரணம்.

பெற்றோலின் மாற்றமும் பழைய எஞ்சினுக்குப் பாதகமாகவே இருந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து உருவான பி.எம்.சி. நிறுவனத்தின் இந்த எஞ்சினில், சிலிண்டர்களை மேலே மூடும் இரும்புத் தலையில் வால்வு இருக்கைகள் தனி வளையங்களாக இல்லாமல் அந்த இரும்பிலேயே கடையப்பட்டவை. ஈயம் இல்லாத பெற்றோலில் அவை மெதுவாக உள்ளே அமிழும். நிசானின் அலுமினியத் தலையிலோ கடினமான வளையங்கள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கின்றன. 92 ஒக்ரேன் பெற்றோல் அதற்குப் போதும்.

மாற்று எஞ்சினாகப் பலரும் நிசானின் இதே வரிசையில் பெரியவையான ஏ14 அல்லது ஏ15ஐப் பரிந்துரைத்தார்கள். ரொயோட்டாவின் கே வரிசை எஞ்சின்களைப் போட்டவர்களும் இருக்கிறார்கள். நான் ஏ12ஐத் தெரிவு செய்ததற்குக் காரணம் அளவுதான். மைனரின் 948 சி.சி. எஞ்சின் தருவது 37 குதிரைவலு; பின்னால் வந்த 1098 சி.சி. எஞ்சின் 48 தந்தது. ஐரோப்பியக் கணிப்பில் ஏ12 ஏறத்தாழ 50ஐ ஒட்டி நிற்கும். ஏ14 60ஐத் தாண்டிவிடும். பின் அச்சின் பாதித் தண்டுகளும் டிரம் பிறேக்குகளும் 750 கிலோவைச் சுற்றியுள்ள இந்தக் காரும் 48 குதிரைவலுவுக்காகத் தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டவை. அந்த வரம்பின் அருகிலேயே நின்றால் காரின் இயல்பு கெடாது. வேகம் வேண்டுமென்றால் வேறு கார் வாங்கலாம். எனக்கு வேண்டியிருந்தது நம்பி ஏறக்கூடிய மைனர்.

இன்னொரு காரணத்தையும் மறைக்க விரும்பவில்லை. இந்த இரண்டு எஞ்சின்களும் ஒன்றுவிட்ட உறவினர். 1952ஆம் ஆண்டு நிசான் நிறுவனம் இங்கிலாந்தின் ஒஸ்ரின் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஜப்பானில் ஏ40 சொமசெற் கார்களையும் பின்னர் ஏ50 கேம்பிறிட்ஜ் கார்களையும் தயாரித்தது. ஏ50இல் இருந்த பி.எம்.சி. பி வரிசை எஞ்சினின் துளை (சிலிண்டரின் விட்டம்) 73.025 மி.மீ., அடி (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ., கொள்ளளவு 1489 சி.சி.; இந்தியாவின் அம்பாசடர் கார் பல பத்தாண்டுகள் சுமந்ததும் இதே எஞ்சினைத்தான். வில்லிஸ் ஓவர்லாண்ட் நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய அமெரிக்கப் பொறியியலாளர் டொனால்ட் ஸ்டோனின் ஆலோசனைப்படி நிசான் இந்த எஞ்சினின் அடியை 59 மி.மீற்றராகக் குறைத்து 988 சி.சி. எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. 1966இல் முதலாவது சன்னியில் வந்த ஏ10 புதிய எஞ்சினே ஆனாலும் அதே 73க்கு 59 என்ற அளவை வைத்திருந்தது. 1970இல் அடி 70 மி.மீற்றராக நீண்டு 1171 சி.சி. ஏ12 ஆனது.

அளவில் மட்டுமல்லாமல் அமைப்பிலும் அந்த உறவு தெரிகிறது. மைனரின் ஏ வரிசை எஞ்சினைப் போலவே நிசானிலும் காபரேற்றரும் புகைபோக்கிக் குழாயும் இடப்பக்கம், பிளக்குகளும் டிஸ்ரிபியூற்றரும் வலப்பக்கம். ஆனால் பி.எம்.சி. எஞ்சினில் வால்வுகளை இயக்கும் காம் சாஃப்ட் இடப்பக்கமே இருப்பதால் தள்ளுதண்டுகள் உள்வாங்கு வழிகளின் குறுக்கே வந்து, நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஐந்து வழிகளுக்கு மட்டுமே தலையில் இடம் கிடைத்தது. நிசான் பொறியியலாளர்கள் காம் சாஃப்டை வலப்பக்கம் மாற்றியதும் இடப்பக்கம் விடுபட்டு, சிலிண்டருக்கு இரண்டாக எட்டு வழிகள் வந்தன. ஒரே பழைய சிந்தனையில் ஒரேயொரு தண்டின் இடத்தை மாற்றிப் பெற்ற இந்த முன்னேற்றம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

மைனரும் மாற்று எஞ்சினை ஏற்க ஏற்ற கார். அலெக் இஸிகோனிஸ் இதை வடிவமைத்தபோது, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் தட்டை எஞ்சின் ஒன்றையே மனத்தில் வைத்திருந்தார்; 1948இல் கார் வெளிவந்தபோது அந்த எஞ்சின் கைவிடப்பட்டிருந்தாலும் அதற்காக விடப்பட்ட அகலம் அப்படியே தங்கிவிட்டது. பொனற்றைத் திறந்தால் எஞ்சினின் இரு பக்கமும் கை தாராளமாக இறங்கும். முன் சில்லுகளைத் திருப்பும் ஸ்டியரிங் றாக் எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டோடு இருப்பதால் ஸ்டியரிங் தண்டு எஞ்சின் அறைக்குள் நீளாது. கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும், அதன் மேலே காருக்குள் இருக்கும் மூடித் தகடும் போல்ட் பூட்டியவை. கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைச் செய்து பூட்டலாம். வெட்டாமல் செய்ய முடியும் என்ற என் நம்பிக்கைக்கு இவையே ஆதாரம்.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கும்போது வெளிப்பூச்சைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. புதிதாக வர்ணம் அடித்த புளொக் சந்தேகத்துக்குரியது. ஒயில் மூடியைத் திறந்து உள்ளே கறுத்த கசடு படிந்திருக்கிறதா என்று பார்த்தேன். முன் புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக் கிராங்க் சாஃப்டின் நீளவாட்டு ஆட்டத்தை உணர்ந்தேன். பற்றரி கொடுத்துச் சுழற்றி நான்கு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்தபோது அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசமே இருந்தது. அமுக்கத்தின் அளவைவிட இந்தச் சமத்தன்மையே எனக்கு முக்கியமாகப்பட்டது. புளொக்கில் பொறித்த எஞ்சின் இலக்கம் தேய்க்கப்படாமல் இருப்பதையும், கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டிலும் இறக்குமதிப் பத்திரத்திலும் அதே இலக்கம் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளாமல் எஞ்சினை லொறியில் ஏற்றக்கூடாது. இந்த இலக்கம் பொருந்தாவிட்டால் பின்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முழு வேலையும் முடங்கிவிடும்.

எஞ்சின் வந்து இறங்கியபோது எனக்கு உதவிய முதிய மெக்கானிக் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "முதலிலை முன் சில்லைக் கழட்டும் தம்பி, பிறேக்கைப் பாத்திட்டு எஞ்சினுக்கு வருவம்" என்றார். "அண்ணை, எஞ்சின் இறக்கின பிறகு செய்தால் இடம் வசதியெல்லோ?" என்று கேட்டதற்கு, "இறக்கினால் பிறகு பிறேக்கிலை கை வைக்க உமக்கு மனம் வராது" என்று பதில் வந்தது. அவர் சொன்னபடியே செய்தோம்.

948 சி.சி. மைனரில் நான்கு சில்லுக்கும் ஏழு அங்குல டிரம்கள்; 1098 சி.சி. காரின் முன் டிரம்கள் எட்டு அங்குலம். அந்த எட்டு அங்குல டிரம், பின்தகடு, சூ, சில்லுச் சிலிண்டர் ஆகியவற்றை முழுத் தொகுதியாக எடுத்துப் பழைய அச்சுமுனையில் மாற்றமின்றிப் பொருத்தலாம். சிரமம் தந்தது, பெடலின் விசையைப் பிறேக் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலடியில் செசிக் காலுக்குள், அதாவது காரின் அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டத்துக்குள், புதைந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை வெளியே இழுக்க முயன்றால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். ஆகவே அந்தப் பக்கத்து முறுக்குத் தண்டின் இறுக்கத்தைத் தளர்த்தி, அதைச் சற்று ஒதுக்கிய பிறகே போல்ட் வெளியே வரும். தளர்த்தும் முன் தண்டுக்கும் அதன் நெம்புகோலுக்கும் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது காரின் உயரம் மாறாது. பழைய சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் இருந்தன, புதியதைப் போட்டோம். போல்ட்டுகளைத் திரும்பப் போடும்போது தலையை உட்பக்கமும் நட்டை வெளிப்பக்கமும் வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன். அடுத்த முறை சிரமம் குறையும்.

பிறகு பழைய எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகச் செயின் புளொக்கில் தூக்கி வெளியே எடுத்தோம். அது எல்லாரும் செய்யும் வேலை. விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

புதிய எஞ்சினை நேரே தூக்கி உள்ளே தொங்கவிட்டு அளவெடுப்பதை நான் விரும்பவில்லை. முழு எஞ்சின் கனமானது, அசைக்கக் கடினமானது, ஒவ்வொரு அசைவிலும் ஏதாவது ஒன்றை உரசும். அதனால் பழைய இரும்புக் கடையில் உடைந்த ஏ12 புளொக் ஒன்றையும் வெற்றுக் கியர்பொக்ஸ் உறை ஒன்றையும் இரவலாகப் பெற்று, தலை, கிராங்க், பிஸ்டன் எதுவுமின்றி வெறும் சம்பையும் முன் புல்லியையும் மட்டும் பூட்டி, இரண்டு பேர் கையால் தூக்கி வைக்கக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்துகொண்டோம். இந்த மாற்றத்தைச் செய்ய நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மாதிரியை உள்ளே வைத்து, கீழே மரக்கட்டைகளும் மெல்லிய பலகைச் சீவல்களும் கொடுத்து, ஒரு மில்லிமீற்றர் ஏற்றியும் இறக்கியும் அவசரமின்றிப் பார்க்க முடிந்தது.

எஞ்சினின் இடத்தை மூன்று எல்லைகள் தீர்மானித்தன. முன்னால் றேடியேற்றருக்கும் புல்லிக்கும் இடையே காற்றாடி சுழல இடம் வேண்டும். பின்னால், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் உறையான பெல் ஹவுசிங்கின் மேற்பகுதி ஸ்டியரிங் றாக்கைத் தொடக்கூடாது. எஞ்சின் ரப்பரில் ஆடும் என்பதால் நிலையான இடைவெளி ஒரு விரல் தடிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேலே, கியர்த் தடி மூடித் தகட்டின் எல்லைக்குள் வெளியே வர வேண்டும். முன்னுக்குக் கொண்டுவந்தால் காற்றாடி முட்டும், பின்னுக்குத் தள்ளினால் றாக் முட்டும். நிசானின் காற்றாடியைக் கழற்றி மின் காற்றாடி போடுவது என்று முடிவெடுத்ததும் முன்னால் இடம் பிறந்து, இந்த இழுபறி தீர்ந்தது. கியர்த் தடி பழைய இடத்துக்குச் சற்றுப் பின்னால், முன் இருக்கையின் விளிம்புக்கு நெருக்கமாக வந்தது. தடியைச் சூடாக்கி முன்நோக்கி வளைத்ததில் அதுவும் சரியானது.

இடம் நிச்சயமானதும் கோணத்தைப் பார்த்தோம். கியர்பொக்ஸின் வால் சுமார் மூன்று பாகை கீழ்நோக்கி இருந்தது. பின் டிஃபரன்ஷலின் முகப்பும் கியர்பொக்ஸின் வெளியேறு தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால்தான், இவை இரண்டையும் இணைத்துச் சுழலும் புறொப் சாஃப்டின் இரண்டு மூட்டுகளிலும் கோணம் சமமாகி, ஒன்றில் பிறக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும். கார் சில்லுகளில் நிற்க, உள்ளே ஆட்கள் அமரும் பாரத்தைப் பின் இருக்கையில் மணல் மூட்டைகளாக வைத்துத்தான் இதை அளக்க வேண்டும். ஜக்கில் தூக்கிய காரில் எடுத்த அளவுக்குப் பொருளில்லை. வித்தியாசம் ஒரு பாகைக்குள் வரும்வரை கியர்பொக்ஸின் பின்பக்கக் கட்டைகளை மாற்றிப் பார்த்தோம்.

தாங்கிகளை ஆறு மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தோம். ஒவ்வொரு தாங்கியும் செசிக் காலில் பழைய எஞ்சின் தாங்கிகளைப் பூட்டிய அதே துளைகளைப் பயன்படுத்துகிறது. மறுமுனை நிசானின் மூல ரப்பர் மவுண்டிங்கைப் பிடிக்கிறது. முதலில் தடித்த அட்டையில் வெட்டி மடித்து, மாதிரியோடு வைத்துப் பார்த்து, பிறகு தகட்டுக்கு மாற்றினோம். தாங்கியைக் காரில் பூட்டி, புளொக்கிலும் பூட்டி, இடையில் மூன்று நான்கு இடத்தில் மட்டும் சிறிய ஒட்டுப் புள்ளி வைத்து, முழுவதையும் கழற்றி வெளியே எடுத்துப் பட்டறை மேசையில் வைத்து முழு ஒட்டு ஒட்டினோம். ஒட்டும் சூட்டில் தகடு இழுபடும் என்பதால் மேசையில் ஒட்டும்போது தாங்கியை ஒரு கனமான கோணச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியே ஒட்ட வேண்டும். இடப்பக்கத் தாங்கியில் மேலதிகமாக ஒரு முக்கோண வலுத்தகடு வைத்தோம். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது எஞ்சினின் எதிர்விசை இடப்பக்கத்தை மேலே தூக்கும். அந்தப் பக்கத்து ரப்பர் கிழியும் கார்களே அதிகம். புகைபோக்கிக் குழாயும் அதே பக்கத்தில்தான் இறங்குகிறது.

கியர்பொக்ஸுக்குப் பழைய குறுக்குச் சட்டத்தைத் தொடவில்லை. அதன் துளை அளவுகளைப் பிரதியெடுத்து, நடுவில் நிசானின் பின் மவுண்டிங் அமரும் பள்ளத்தோடு புதிய சட்டம் ஒன்றைச் செய்தோம். இந்தச் சட்டம் இரு செசிக் கால்களையும் இணைத்துக் காரின் விறைப்புக்கு உதவுகிறது. மெல்லிய கோண இரும்பை வைத்து ஒப்பேற்றக்கூடாது. மூடித் தகட்டுக்கும் புதிய பிரதி செய்தோம். பழைய சட்டமும் பழைய தகடும் ஒயில் பூசிக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

கிளச் முறை இரண்டு கார்களிலும் வேறு வேறு. மைனரில் பெடலின் அசைவு இரும்புத் தண்டுகள் வழியாகவே கிளச்சுக்குப் போகிறது; எனக்குக் கிடைத்த நிசான் கியர்பொக்ஸோ ஹைட்ரோலிக் சிலேவ் சிலிண்டருடன் வந்தது. தண்டுகளை நீட்டி வளைத்துத் தொடுத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எஞ்சின் ரப்பரில் ஆடும்போது அந்த ஆட்டம் தண்டு வழியாகப் பெடலுக்கு வந்து, கார் கிளம்பும்போது உதறும். ஆகவே சாரதியின் தரைத் தகட்டுக்குக் கீழே, பழைய தண்டுத் தொகுதி பூட்டியிருந்த துளைகளிலேயே ஒரு தாங்கி செய்து சிறிய மாஸ்ரர் சிலிண்டரைப் படுக்கையாகப் பூட்டி, பெடலின் கீழ் நெம்புகோல் அதை நேரே தள்ளும்படி அமைத்தோம். திரவத் தொட்டியை எஞ்சின் அறையில் தடுப்புத் தகட்டருகே வைத்துக் குழாயால் இணைத்தோம். தரைக்குக் கீழே இருக்கும் சிலிண்டர் மழைக்காலத்தில் சேற்றை வாங்கும் என்பதால் அதன் தண்டு முனைக்கு நல்ல ரப்பர் உறை அவசியம்.

புறொப் சாஃப்டின் முன்முனையில் நிசானின் வழுக்கு முனை, பின்முனையில் மைனரின் தட்டு. நடுக் குழாயைப் புதிதாக எடுத்து லேத்தில் இரு முனைகளையும் மையப்படுத்தி ஒட்டி, சமநிலை பார்த்தோம். நீளத்தைத் தீர்மானிக்கும்போது, சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கினாலும் வழுக்கு முனை கியர்பொக்ஸுக்குள் அடியில் முட்டாமல் சுமார் 20 மி.மீ. மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

டிஃபரன்ஷல் விகிதத்தையும் இதே தறுவாயில் மாற்றினேன். 948 சி.சி. காரில் அது 4.555, 1098 சி.சி. காரில் 4.22. இரண்டின் நடுத் தொகுதியும் ஒரே உறைக்குள் பொருந்தும். இந்த ரயர் அளவில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பழைய விகிதம் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,300 சுற்றுகள் சுழற்றும். புதியது 3,050 அளவில் நிற்கும். காதுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

குளிர்விப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே எஞ்சின் மாற்றிய மைனர்கள் வீதியோரம் நிற்பதற்கு முதற்காரணம் இதுதான். மைனரின் றேடியேற்றர் சதுர அங்குலத்துக்கு ஏழு இறாத்தல் அழுத்த மூடிக்காகச் செய்யப்பட்டது. நிசானின் மூடி ஏறத்தாழ 13 இறாத்தல். பழைய றேடியேற்றரில் நிசான் மூடியைப் போட்டால் ஈயப் பற்றுகள் விட்டுக்கொடுக்கும். ஏழு இறாத்தல் மூடியோடு ஓட்டினால் நீர் முன்கூட்டியே கொதிக்கும். வெளித்தோற்றம் மாறக்கூடாது என்பதால் பழைய மேல் தொட்டியையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நடுவில் நீர் ஓடும் குழாய்கள் மூன்று வரிசையாக உள்ள அடர்த்தியான கோர் போட்டு, இணைப்புகளை வலுப்படுத்தி, நீர்க்குழாய் முனைகளை நிசானுக்கேற்ற பக்கங்களுக்கு மாற்றி ஒட்டுவித்தேன். மின் காற்றாடி பின்பக்கமாக இழுக்கும்படி எஞ்சின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது; அதன் சுவிட்ச் கீழ்த் தொட்டியில்.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் வழிகளிலும் படியும். அலுமினியத் தலையுள்ள எஞ்சினுக்கு இது இன்னும் கெடுதி. காய்ச்சி வடித்த நீரும் கூலன்ரும் கலந்துதான் நிரப்பினேன். அது கிடைக்காத இடத்தில் சுத்தமான மழைநீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். தேர்மோஸ்ற்றற்றை எடுத்துவிட்டால் சூடாகாது என்று இங்கே சொல்லப்படும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. அதை எடுத்தால் எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் ஒயில் ஈரத்தைச் சேர்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய கவலை. 82 பாகைத் தேர்மோஸ்ற்றற் உள்ளே இருக்கிறது.

மின்சாரத்தில் மைனர் தலைகீழானது: பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். நிசானின் அல்ரனேற்றருக்கு எதிர்முனை உடலில் இருந்தாக வேண்டும். மாறி இணைத்தால் அதன் டயோடுகள் அக்கணமே எரியும். பற்றரியைத் திருப்பிய பின் விளக்கு, ஹோர்ன், ஸ்டார்ட்டர் எதற்கும் திசை பேதமில்லை. பழைய டைனமோவின் மின்னைக் கட்டுப்படுத்திய லூக்காஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி இனித் தேவையில்லை என்றாலும் தோற்றத்துக்காக அதே இடத்தில் விட்டுவைத்து, அதில் வந்து சேரும் ஏ, ஏ1 கம்பிகளை ஒன்றாக்கி அல்ரனேற்றரின் வெளியீட்டோடு இணைத்தேன். எச்சரிக்கை விளக்கின் கம்பி அல்ரனேற்றரின் விளக்கு முனைக்குப் போனது. டைனமோவுக்குச் சென்ற டி, எஃப் கம்பிகள் முனை மூடிக் கட்டப்பட்டன. பழைய டைனமோ 20 அம்பியர் அளவில் தந்ததற்காகப் போட்ட கம்பி புதிய மின்னோட்டத்தைத் தாங்காது. அல்ரனேற்றரிலிருந்து வரும் முதன்மைக் கம்பியைத் தடித்ததாக மாற்றி, பற்றரி அருகே ஒரு பியூஸும் வைத்தேன். எஸ்.யூ. மின் எரிபொருள் பம்பை அகற்றவில்லை. அதன் மெல்லிய அழுத்தம் ஹிட்டாச்சி காபரேற்றருக்குப் போதுமானது. சாவியைத் திருப்பியதும் அது தட்டித் தட்டி நிற்கும் ஓசை மைனரின் குரல். நிசானின் இயந்திரப் பம்பு இருந்த இடத்தைத் தகடும் கஸ்கற்றும் வைத்து மூடினேன்.

வேகமானியைச் சரிசெய்யக் கேபிளை இரண்டு முனையும் வேறு வேறாகத் தொடுத்துச் செய்வித்தேன். கியர்பொக்ஸ் பக்கம் நிசானின் முனை, மானியின் பக்கம் ஸ்மித்ஸ் முனை. நிசானின் சிறு பற்சக்கரங்கள் பல எண்ணிக்கைகளில் கிடைப்பதால், வீதியின் கிலோமீற்றர்க் கற்களோடு ஒப்பிட்டு நெருங்கியதைத் தெரிந்து போட முடிந்தது.

எஞ்சினைக் கிளப்பும் முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றினோம். முதல் ஓட்டங்கள் ஊருக்குள்ளேயே. அதன் பிறகு ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சி வரை. நிழலே இல்லாத அந்த உப்பளவெளியில் உச்சி வெயிலில் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதே றேடியேற்றருக்கு நான் வைத்த பரீட்சை. வெப்பமானி நடுவைச் சற்றுத் தாண்டியது, காற்றாடி இயங்கியது, முள் திரும்பியது. நான்காவது கியரில் மெதுவாகச் சென்றுகொண்டிருக்கும்போதும் எஞ்சின் முனகாமல் இழுக்கிறது; பழைய எஞ்சினில் மூன்றுக்கு இறக்க வேண்டிய பரந்தன் சந்தியில் இப்போது அது தேவைப்படுவதில்லை. மைனரின் ஸ்டியரிங், அந்த நேர்மையான, துல்லியமான ஸ்டியரிங், சிறிதும் மாறவில்லை. முன் அச்சில் பாரம் ஏறாததே அதற்குக் காரணம். ஏ12ஐத் தெரிந்ததில் எனக்கு மிகவும் நிறைவளித்த பயன் அதுவே.

சட்டப்படியான வேலை எஞ்சின் ஓடத் தொடங்கியதோடு முடிவதில்லை. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எழுதப்பட்டிருப்பதால் இரண்டையும் திருத்துவிக்க வேண்டும். அதற்குப் பற்றுச்சீட்டு, எஞ்சினின் இறக்குமதிப் பத்திரம், பரிசோதகரின் அறிக்கை ஆகியவை தேவைப்படும். இதைச் செய்யாமல் ஓடும் கார்கள் பல இருக்கின்றன. விபத்தொன்று நேர்ந்தால் பழைய இலக்கத்துக்கு எழுதப்பட்ட காப்புறுதி செல்லுபடியாகுமா என்ற கேள்வியே அவர்களை விழிக்கச் செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்திருக்கிறேன்.

தொடர்ந்து கவனிக்க வேண்டியவை சில உண்டு. தொடக்க ஓட்டத்துக்குப் பிறகு தலையின் போல்ட்டுகளை எஞ்சின் ஆறிய நிலையில் உரிய வரிசைப்படி மீண்டும் இறுக்கினேன். வால்வு இடைவெளியை எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வாங்கு, வெளியேறு இரண்டுக்கும் 0.35 மி.மீ. என்று வைத்தேன், மைனரின் பழைய கையேட்டில் உள்ள அளவு குளிர்ந்த எஞ்சினுக்கானது, அதை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. தாங்கிகளின் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். இதுவரை இடப்பக்கத் தாங்கியின் பின் போல்ட் ஒன்று மட்டும் சற்று விலகியது; அதற்கு நைலோன் வளையமுள்ள நட் போட்டாகிவிட்டது. கியர்பொக்ஸின் பின் சீலிலிருந்து மெல்லிய கசிவு தெரிகிறது. புறொப் சாஃப்டை இறக்கி அதை மாற்றுவதே அடுத்த வேலை.